ஏற்றத்தில் மூச்சு வாங்காத வண்டி: ஸ்கி-டூ சம்மிட் 850 டர்போ

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். உயர்ந்த மலைகளில், இடுப்பளவுப் புதுப்பனியில், யாரும் தடம் பதிக்காத காட்டுச் சரிவுகளில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஸ்னோமொபைலின், அதாவது பனிமேல் ஓடும் வண்டியின், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் கருவி) செய்யும் பெரிய உதவி, நிதானமாக ஓட்டவிடுவதுதான். செங்குத்தான சரிவில் பனியைப் பீய்ச்சியடித்துக்கொண்டு பாய்கிற படங்களைப் பார்த்துவிட்டு, டர்போ என்றாலே வேகப் பித்தர்களுக்கானது என்று முடிவு கட்டியவர்கள் பலர். என் அண்ணன் அவர்களில் முதல் ஆள். அவர் இன்னமும் டர்போ இல்லாத சம்மிட் 850 வண்டியைத்தான் வைத்திருக்கிறார். என்னுடையது டர்போ பொருத்திய சம்மிட் 850. இரண்டிலும் 849 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். இரண்டிலும் 165 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் கொண்ட டிராக் (அடியில் சுழன்று வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை), அதில் 3 அங்குல உயரப் பற்கள். ஒரே நாளில், ஒரே பனியில், இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

ஸ்னோமொபைல் என்றால் பலருக்குத் தெரிந்தது, சுற்றுலாப் பயணிகள் வரிசையாக ஓட்டிப்போகிற வண்டிதான். இயந்திரம் வைத்து அமுக்கிச் சமன் செய்த தடத்தில் அது ஓடும். மலை வண்டி வேறு இனம். அதன் முன்புற ஸ்கீக்கள் (பனியில் வழுக்கிச் செல்லும் பட்டைகள்) இரண்டும் நெருக்கமாக அமைந்திருக்கும், வண்டியை எளிதில் பக்கவாட்டில் சாய்ப்பதற்காக. டிராக் நீளமாக இருக்கும், வண்டியின் பாரம் பரவிப் பனியின் மேல் மிதப்பதற்காக. கைப்பிடி உயரமாக இருக்கும், ஏனென்றால் ஓட்டுகிறவர் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் ஓட்டுவார். சமன் செய்த தடத்தில் இது தள்ளாடும், திருப்பத்தில் ஸ்கீ தூக்கும். தடத்தை விட்டு இறங்கிய கணத்திலிருந்து இதற்கு நிகர் கிடையாது.

ழோசெஃப்-ஆர்மாண்ட் பொம்பார்டியர் கனடாவின் கியூபெக் மாகாணத்து வால்கூர் ஊரிலிருந்து ஸ்கி-டூவை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1959-இல். தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய முதல் டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் வர 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது இந்த சம்மிட்தான். அடுத்து 2022 மாடலில் போலாரிஸ் நிறுவனமும் தன் டர்போ வண்டியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் மலைகளில் டர்போ இல்லாமல் இல்லை. பட்டறைகளில் தனியாக டர்போ வாங்கிப் பொருத்திக்கொண்டு பலர் ஓட்டினார்கள். காற்றும் எரிபொருளும் சேரும் விகிதம் கொஞ்சம் பிசகினாலும் பிஸ்டன் உருகிவிடும் என்ற பயத்துடனேயே ஓட்டினார்கள். நிறுவனத்தின் உத்தரவாதமும் அத்தோடு போய்விடும். ஆகவே ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் ஆலை எஞ்சினையும் டர்போவையும் ஒன்றாகவே வடிவமைத்துக் கொடுத்தது சிறிய விஷயமல்ல. அந்த விகிதத்தைத் திருத்த மடிக்கணினியும் கையுமாக மலையடிவாரத்தில் நின்ற காலம் அத்தோடு முடிந்தது.

இனி காற்றின் கணக்குக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வண்டிக்குக் காசு கொடுக்கக் கூடாது. டர்போ இல்லாத எஞ்சின் உயரம் ஏற ஏற இளைக்கும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தோராயமாக 3 சதவீதம் சக்தி குறையும். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். அண்ணனின் வண்டி கடல் மட்டத்தில் 165 குதிரைத்திறன் தருவது. அங்கே அது 120-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. டர்போவோ வெளியேறும் புகையின் விசையில் சுழன்று, மெலிந்த காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. எஞ்சினின் கணினி வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கிறது. 2020-இல் வந்த வண்டிக்கு நிறுவனம் அறிவித்த சக்தியும் அதே 165 குதிரைத்திறன்தான். அது 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் வரை குறையாது. 180 குதிரைத்திறன் கொண்ட டர்போ ஆர் என்ற மாடல் பிற்பாடு வந்தது. நான் எழுதுவது முதல் வண்டியைப் பற்றி.

இதிலிருந்து ஓர் உண்மை தானாகவே வெளிப்படும். தாழ்ந்த நிலத்தில் இரண்டு வண்டிகளுக்கும் சக்தியில் வித்தியாசம் கிடையாது. டர்போ வண்டி சில கிலோ கூடுதல் எடையைச் சுமக்கிறது, அவ்வளவுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ரெவெல்ஸ்டோக் பக்கத்து முகடுகளில், 2,000 மீட்டரை ஒட்டி ஓட்டும்போது வித்தியாசம் தெரியும். ஆனாலும் அண்ணன் எனக்கு ஈடுகொடுத்துவிடுவார். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் டோக்வோட்டி கணவாய்க்குப் போனபோது கதை மாறியது. அந்தக் கணவாயின் உச்சியே 2,944 மீட்டர். அங்கே என் வண்டியும் கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும், ஆனால் அண்ணனின் வண்டி இளைத்த அளவுக்கு அல்ல. அங்கே பெய்யும் பனி வறண்டது. கையில் எடுத்து இறுக்கினால் உருண்டையாகப் பிடிபடாமல் விரலிடுக்கில் வழிந்துபோகும். அந்தப் பனியில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டுமானால் டிராக் சட்டென்று சுழன்று வண்டியை மேலே தூக்கியாக வேண்டும். தூக்கவில்லையென்றால் வண்டி தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அண்ணன் அங்கே ஓட்டிய விதத்தைக் கவனித்தேன். திராட்டிலை, அதாவது எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் விசையை, கடைசி வரை அழுத்தியபடி, வேகத்தை விட்டுக்கொடுக்காமல், மரங்களை வெகு தூரத்திலேயே கணித்து வளைந்து வளைந்து போனார். வேகம் குறைந்தால் புதைந்துவிடும் என்பதால் அவருக்கு வேறு வழியில்லை. நான் அதே மரங்களுக்கிடையே பாதித் திராட்டிலில், நடப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் போக முடிந்தது. இரண்டு தேவதாரு மரங்களுக்கு நடுவே நின்று, அந்தப் பக்கம் பள்ளமா மேடா என்று பார்த்துவிட்டு, மறுபடி கிளம்ப முடிந்தது. மலைக்காட்டில் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். மரத்தை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டே முடிவெடுப்பதும், நின்று பார்த்து முடிவெடுப்பதும் ஒன்றல்ல. மாலையில் அண்ணன் என் வண்டியை வாங்கி அதே சரிவில் ஏறிவிட்டு வந்தார். "தங்கச்சி, இதில் அவசரப்படவே வேண்டியதில்லை" என்றார். நான் இத்தனை பத்திகளில் சொல்ல முயல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

சரிவுக்குக் குறுக்காக ஓட்டுவதில்தான் இந்த வண்டியின் குணம் முழுதாக வெளிப்படுகிறது. மலை இடப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை மலைப்பக்கமாகச் சாய்த்து, இடது ஸ்கீயின் விளிம்பையும் டிராக்கின் இடது விளிம்பையும் மட்டும் பனியில் ஊன்றவைக்க வேண்டும். வலது ஸ்கீ அந்தரத்தில் நிற்கும். ஓட்டுகிறவர் இடப்பக்கத்து மிதிபலகையில் வலது காலை முன்னே வைத்து நிற்பார். இடது கால் வெளியே பனியைத் தொட்டபடி தயாராக இருக்கும். கைப்பிடி மலைப்பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, பள்ளத்துப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்களின் உடம்பு இதற்கு எளிதில் ஒப்பாது. ஆனால் அந்த எதிர்த்திருப்பல்தான் வண்டியை விளிம்பில் நிறுத்தி வைக்கிறது. மிச்சமெல்லாம் வலது கட்டைவிரலின் வேலை. திராட்டில் கூடினால் வண்டி மேல்நோக்கி ஏறப் பார்க்கும். குறைந்தால் பள்ளத்துப் பக்கம் தட்டையாக விழுந்து, கீழே வழுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மயிரிழையில் ஓட்ட வேண்டும்.

உயரத்தில் டர்போ இல்லாத வண்டியில் அந்த மயிரிழை, திராட்டிலின் கடைசிப் பகுதியில்தான் கிடைக்கும். விரல் ஏற்கெனவே முழுதாக அழுத்தியிருக்கும். பனி திடீரென ஆழமானால் கூட்டுவதற்கு எதுவும் மீதமிருக்காது. டர்போவில் அது திராட்டிலின் நடுப்பகுதியில் கிடைக்கிறது. கூட்டவும் இடமிருக்கிறது, குறைக்கவும் இடமிருக்கிறது. எஞ்சினுக்குள் ஒரு மெல்லிய விசில் எழும். அந்த ஒலி ஏறுவதையும் இறங்குவதையும் காதால் கேட்டே விரலை நிதானித்துக்கொள்ளலாம். எனக்கு இப்போது மீட்டரைப் பார்க்கவே தோன்றுவதில்லை.

நான் 58 கிலோ. வண்டி எரிபொருள் இல்லாமலேயே 200 கிலோவுக்கு மேல். உடல் பலத்தால் இதைச் சாய்க்கிற ஆள் நான் இல்லை, அதனால்தான் இந்த வண்டியின் சாய்மானத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பின்புற சஸ்பென்ஷன் பக்கவாட்டில் சிறிது வளைந்துகொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. டிராக்கின் இரு விளிம்புகளும் மடங்கிக்கொடுக்கும். கைப்பிடியைச் சட்டென்று திருப்பி, அதே நேரத்தில் திராட்டிலை ஒரு தட்டுத் தட்டி, மிதிபலகையின் ஓரத்தில் காலை ஊன்றினால் வண்டி தானாகவே சாய்ந்து நிற்கிறது. இழுத்துப் பிடிக்க வேண்டியதே இல்லை. மலை வண்டி ஆண்களின் தோள்பலத்துக்கு ஏற்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேரம் அறிந்து திருப்பத் தெரிந்தால் போதும்.

ஆனாலும் புதையத்தான் செய்யும். எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் ஆழமான பனியில் ஒருநாள் வண்டி புதைந்தே தீரும். அப்போது திராட்டிலை அழுத்துவதைப் போன்ற கெட்ட பழக்கம் வேறில்லை. டர்போ வண்டி அழுத்த அழுத்த இன்னும் வேகமாகக் குழி தோண்டும். ரிவர்ஸ் பொத்தானை அழுத்தினால் இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எதிர்த்திசையில் சுழல ஆரம்பிக்கும். அருமையான ஏற்பாடுதான், ஆனால் புதுப்பனியில் அது வண்டியின் பின்பக்கத்தை இன்னும் கீழே அமுக்கிவிடும். செய்ய வேண்டியது இதுதான்: எஞ்சினை நிறுத்தி, மண்வாரியை எடுத்து, மிதிபலகைகளுக்கு அடியில் உள்ள பனியைத் தோண்டி எறியுங்கள். பள்ளத்துப் பக்கமாக முன்னால் ஒரு பாதையை மிதித்து இறுக்குங்கள். பிறகு வண்டியைப் பக்கவாட்டில் புரட்டி, டிராக்கின் அடியிலிருக்கும் குழியை நிரப்பி, நிமிர்த்திவிட்டுக் கிளம்புங்கள். காலையில் முதல்முறை கயிறு இழுத்துத்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அதன் பிறகு ஒரு மின்தேக்கி தன்னைத்தானே மின்னேற்றிக்கொள்வதால், அன்று முழுவதும் பொத்தானை அழுத்தினால் போதும். கனமான பேட்டரியைச் சுமக்காமல் இந்த வசதியைத் தந்திருக்கிறார்கள். சரிவில் புதைந்து, கை நடுங்க நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

டர்போ வண்டிகளுக்கே உரிய சில சங்கடங்களையும் சொல்ல வேண்டும். உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும், அதுவும் வேகமாகத் தீரும். டாங்க் 36 லிட்டர் கொள்ளும். தூரம் போகிறவர்கள் பின்னால் ஒரு கேன் கட்டிக்கொள்வது நல்லது. இவ்வகை வண்டிகளில் மிதிபலகைகளுக்கு நடுவே உள்ள குழாய்கள் வழியாக, டிராக் வாரியடிக்கும் பனிதான் எஞ்சினைக் குளிர்விக்கிறது. மலையடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போகும் இறுகிய தடத்தில் அந்தப் பனி கிடைக்காது, சூடு ஏறும். பனியைச் சுரண்டியெறியும் கம்பிகளைத் தடத்தில் இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். எஞ்சினின் சக்தியை டிராக்குக்குக் கடத்தும் பெல்ட்டுக்கு ஒரு மாற்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். இன்னொன்று: நெருக்கமான மரங்களுக்கிடையே திராட்டிலைப் படக்கென்று திறந்து மூடும்போது, அண்ணனின் வண்டி காட்டும் பதில் இன்னும் கூர்மையானது. டர்போ தன் பலத்தைத் திரட்ட ஒரு சிமிட்டல் நேரம் எடுத்துக்கொள்கிறது. பழகினால் அதற்கு முன்கூட்டியே விரலை நகர்த்தத் தெரிந்துவிடும்.

பனிச்சரிவைப் பற்றிப் பேசாமல் இந்த வண்டியை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. முன்பெல்லாம் வண்டிக்குச் சக்தி போதாமல் பாதியிலேயே திரும்ப வேண்டியிருந்த சரிவுகள் பல. டர்போ அந்த வேலியை எடுத்துவிட்டது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் நிகழ்வது 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில். இந்த வண்டி ஆசையோடு ஏறுவதும் அதே சரிவுகளில்தான். ரெவெல்ஸ்டோக்கின் போல்டர் மலையில் ஒரு சரிவுக்கு டர்போ ஹில் என்றே பெயர். 2010 மார்ச் 13 அன்று அங்கே ஏறும் போட்டியைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியிருந்தபோது பனிச்சரிவு இறங்கியது. இரண்டு பேர் இறந்தார்கள், சுமார் 30 பேர் காயமடைந்தார்கள். தொழிற்சாலை டர்போ வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. இன்று அப்படிப்பட்ட சரிவில் எவரும் ஏறிவிட முடியும் என்பதுதான் என் கவலை.

ஆகவே நானும் அண்ணனும் விட்டுக்கொடுக்காத சில பழக்கங்கள் உண்டு. கிளம்பும் முன் அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படிப்போம். கனடாவில் அவலாஞ்ச் கனடா அமைப்பு ரெவெல்ஸ்டோக்கிலிருந்தே இதை வெளியிடுகிறது. ஐந்து நிலைகளில் அபாயத்தைச் சொல்வார்கள். எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது, எந்தத் திசைச் சரிவு, எந்த அடுக்கு என்பதையும் படிக்க வேண்டும். வயோமிங் போன்ற வறண்ட மலைகளில், பனியின் அடியில் சர்க்கரைத் துகள்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத அடுக்கு வாரக்கணக்கில் பதுங்கியிருக்கும். சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மேலே ஒருவர் புதைந்தால் இன்னொருவர் உதவிக்கு ஏறக் கூடாது, அவரே தோண்டிக்கொண்டு இறங்க வேண்டும். மனத்துக்கு ஒப்பாத விதிதான். ஆனாலும் அண்ணன் மேலே சிக்கியபோது நான் கீழே, சரிவின் பாதைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோ கருவி), நீட்டுக்கோல் (பனிக்குள் குத்தித் தேடும் கோல்), மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். டிரான்ஸீவர் வண்டியின் பெட்டியில் அல்ல, உடம்பில். அது 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. கைபேசியோ சூடேற்றும் கையுறையோ பக்கத்தில் இருந்தால் குழம்பும். தேடும்போது கைபேசியை அரை மீட்டருக்கு அப்பாலாவது வையுங்கள், எல்லா வண்டிகளின் எஞ்சினையும் நிறுத்துங்கள். புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடங்களில்தான் உண்மையான வாய்ப்பு. ஒரு வாடகைக் கடையில் எங்களுடன் வந்த நண்பருக்குக் கொடுத்த டிரான்ஸீவரில் பேட்டரி தீரும் நிலையில் இருந்தது. கேட்டதற்கு, "இன்றைக்குத் தாங்கும்" என்றார்கள். நாங்கள் புது பேட்டரி போட்ட பிறகே கிளம்பினோம். யார் கொடுத்தாலும் கிளம்பும் முன் நீங்களே சோதித்துவிடுங்கள்.

எங்கே ஓட்டக் கூடாது என்பதையும் வரைபடத்தில் முன்கூட்டியே பாருங்கள். அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் எஞ்சின் வண்டிக்கு அனுமதியில்லை. டோக்வோட்டிக்கு வடக்கே உள்ள டீட்டன் வனாந்தரம் அப்படிப்பட்டது. பனியில் எல்லைக்கோடு எதுவும் தெரியாது, ஜிபிஎஸ் வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைக் காரிபூ மான்களுக்காக மூடிய பகுதிகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் அவை மரத்தில் தொங்கும் பாசியைத் தின்று உயிர் பிழைப்பவை. வண்டிச் சத்தத்தில் மிரண்டு ஓடினால் சேர்த்துவைத்த சக்தியை இழந்துவிடும். இந்தத் தடைகளை மதிக்காதவர்களோடு நான் சேர்ந்து ஓட்டுவதில்லை.

யார் வாங்கலாம்? நீங்கள் ஓட்டும் மலை பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேல் என்றால், மரங்களுக்குள் ஓட்டுவது பிடிக்கும் என்றால், தயங்காமல் டர்போ வாங்கலாம். டர்போ இல்லாததைவிடச் சில ஆயிரம் டாலர் கூடுதலாகும். உயரத்தில் ஓட்டுகிறவருக்கு அது வீண்போகாது. 1,500 மீட்டருக்குக் கீழேயே சுற்றுகிறவர்கள் அண்ணனின் வண்டியை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் நல்ல ஏர்பேக் பையும் (பனிச்சரிவில் சிக்கினால் ஊதிக்கொண்டு ஆளைப் பனியின் மேலே வைத்திருக்க உதவும் முதுகுப்பை) பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பும் வாங்குவது புத்திசாலித்தனம். ஓட்டப் பழகும் முதல் வருடத்தில் யாருக்கும் டர்போ வேண்டாம். எதிர்த்திருப்பலும் விரல் நிதானமும் கைவந்த பிறகு வாங்கினால்தான் அது தரும் நிதானத்தை அனுபவிக்க முடியும்.

என்னைப் போலப் பழைய வண்டியாக வாங்குகிறவர்கள், கிளட்ச் மூடியைத் திறந்து பெல்ட்டின் ஓரங்கள் நைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டிராக்கின் பற்களை ஒரு சுற்று முழுவதும் கையால் தடவிப் பாருங்கள். கீழே குளிர்விக்கும் குழாய்களில் அடிபட்ட நெளிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தொழிற்சாலை வைத்த கணினி அமைப்பை யாராவது மாற்றிக் கூடுதல் சக்திக்கு முறுக்கியிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.